நூற்றியொன்றாவது ஆள்

வில்டா சைஸ்மோருக்குக் கோபம் வந்தால் கை சும்மா இருக்காது. அந்தத் திங்கட்கிழமை காலையில் மேசைமேல் கிடந்த பேனாக்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கிறுக்கிப் பார்த்து, எழுதாதவற்றைக் குப்பைக்கூடையில் வீசிக்கொண்டிருந்தாள். எதிரே ஹாரல் நேப்பியர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முப்பத்தெட்டு வயது. நிலக்கரிச் சுரங்கத்தில் முதுகு போயிற்று. முதுகுக்காக டாக்டர் எழுதிய மாத்திரை உடம்போடு ஒட்டிக்கொண்டது. மாத்திரை கிடைக்காமல் போனபோது போதை ஊசி வந்தது. ஊசியின் பின்னாலேயே கவுன்டி என்கிற மாவட்டத்தின் ஜெயிலும் வந்தது. சனிக்கிழமைதான் வெளியே விட்டிருந்தார்கள்.

ஜெயிலில் நான்கு மாதமாக அவனுக்கு மருந்து கொடுத்து வந்தார்கள். ப்யூப்ரனார்ஃபின் என்று பெயர். நாக்குக்கு அடியில் வைத்தால் கரைந்துவிடும் மெல்லிய பட்டை. அது உள்ளே இருக்கிறவரை உடம்பு நடுங்காது, ஊசியைத் தேடி மனசு ஓடாது. விடுதலை செய்யும்போது வியாழக்கிழமை வரைக்குமான பட்டைகளை ஒரு உறையில் போட்டுக் கொடுத்து, மற்றதை வெளியே யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அந்த யாராவது யார் என்று ஜெயில்காரர்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை.

அந்த மலைப்பக்கத்தில் மூன்று கவுன்டிக்கும் சேர்த்து அந்த மருந்தை எழுதுகிற ஒரே ஆள் வில்டாதான். டாக்டர் இல்லை, மருந்து எழுதும் உரிமை பெற்ற நர்ஸ். அவள் நூறு பேருக்கு மேல் எழுதக் கூடாது என்பது சட்டம். நூறு இடமும் நிரம்பிப் பத்து மாதம் ஆகிவிட்டது. அதே பேனாவால், ஆளை இந்தக் கதிக்குக் கொண்டுவந்த வலி மாத்திரையை அவள் எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் எழுதலாம்; எண்ணிப் பார்க்க ஒருவரும் வரமாட்டார்கள். அதிலிருந்து மீட்கிற மருந்தை நூற்றியொன்றாவது ஆளுக்கு எழுதினால் உரிமம் பறிபோகும். இந்தச் சட்டத்தை எழுதியவர்களை ஒரே ஒரு நாள் தன் நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும் என்று வில்டா நினைக்காத வாரம் இல்லை.

"வியாழனோட தீர்ந்துடும். அப்புறம் என்ன பண்ணுவீங்க ஹாரல்?"

"என்ன பண்ணுவேன்னு எனக்கு நல்லாவே தெரியும் மிஸ் வில்டா. அதனாலதான் இங்க வந்து உக்காந்திருக்கேன்."

அவளுக்கும் தெரியும். ஜெயிலில் இருந்து வருகிறவனின் உடம்பு பழைய அளவை மறந்திருக்கும், மனசு மறந்திருக்காது. பழைய அளவையே ஏற்றிக்கொள்வான், எழுந்திருக்க மாட்டான். இந்த வருஷத்தில் மட்டும் அப்படிச் செத்துப்போன இரண்டு பேர் வீட்டுக்குச் சுடச்சுடக் கோழிச் சாதம் செய்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். மூன்றாவது முறை அடுப்பு மூட்ட அவளுக்குத் தெம்பில்லை.

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு வாருங்கள், அதற்குள் ஒரு வழி செய்கிறேன் என்று சொல்லி அனுப்பினாள். தைரியமாகத்தான் சொன்னாள். அவளிடம் பதினோரு பெயர் கொண்ட பட்டியல் ஒன்று இருந்தது.

அந்தப் பதினோரு பேரும் அவள் தயார் செய்த நர்ஸுகள். போன வசந்தத்தில், பாப்டிஸ்ட் சர்ச்சின் சாப்பாட்டுக் கூடத்தில், இரண்டு சனிக்கிழமை. டாக்டராக இருந்தால் இந்த மருந்தை எழுத எட்டு மணிநேரப் பயிற்சி போதும். நர்ஸ் என்றால் இருபத்துநான்கு மணிநேரம். நர்ஸுக்கு மூன்று மடங்கு மந்தபுத்தி என்று நினைத்தார்களோ என்னவோ. வில்டா முணுமுணுக்காமல் நடத்தினாள். வீட்டிலிருந்து பீன்ஸ் சூப்பும் சோள ரொட்டியும் செய்துகொண்டு போனாள். மிச்ச மணிநேரத்தைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து முடிக்காமல் ஏமாற்றியவர்களை வீட்டுக்கே போன் போட்டு விரட்டினாள். பதினோரு பேரும் தேறினார்கள். சான்றிதழை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். புதியவர்களுக்கு முதல் வருஷம் முப்பது இடம்தான் என்று வைத்தாலும் முந்நூற்று முப்பது பேர் பிழைப்பார்கள் என்று வில்டா அன்றைக்குக் காரில் போகும்போது கணக்குப் போட்டுக்கொண்டு போனாள்.

இப்போது போனை எடுத்து முதல் பெயரிலிருந்து ஆரம்பித்தாள்.

முதலாமவளின் முதலாளி, அந்த மாதிரி ஆட்கள் வந்தால் நல்ல நோயாளிகள் ஓடிப்போவார்கள் என்று சொல்லிவிட்டாராம். இரண்டாமவளுக்குப் பக்கத்துணையாகக் கையெழுத்துப் போட வேண்டிய டாக்டர், ஓய்வு பெறும் வயதில் வம்பு வேண்டாம் என்கிறாராம். மூன்றாமவள் ஊர் மருந்துக்கடைக்காரர், மொத்த வியாபாரி இதற்குமேல் அந்தச் சரக்கை அனுப்ப மாட்டான் என்று கையை விரித்துவிட்டார். நான்காமவள் லெக்ஸிங்டன் நகரத்தில் பணக்காரப் பெண்மணிகளின் நெற்றிச் சுருக்கத்துக்கு ஊசி போட்டுக்கொண்டிருக்கிறாள். சம்பளம் நல்ல சம்பளம் என்று சந்தோஷமாகச் சொன்னாள். ஒருத்தி சான்றிதழைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறாளாம். அதன்கீழ் உட்கார்ந்து இதுவரை ஒரு சீட்டுகூட எழுதியதில்லையாம். வில்டா அவளிடம் பேசி முடித்துவிட்டு, போனை வைத்த பிறகு வாய்க்கு வந்தபடி திட்டினாள்.

நான்கு பேரைத் தாண்டிய பிறகுதான் இன்னொன்று காதில் விழ ஆரம்பித்தது. எல்லாச் சாக்குப்போக்கும் சொல்லி முடித்த பிறகு ஒவ்வொருத்தியும் குரலைத் தாழ்த்திக்கொண்டு அதையே சொன்னாள். நீங்கள் ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னீர்களே மிஸ் வில்டா, அதை என்னால் மறக்கவே முடியவில்லை. முதல் தடவை கேட்டபோது வில்டாவுக்கு, உண்மையைச் சொன்னால், கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஆறாவது தடவை கேட்டபோது பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

அந்தப் பெண்ணின் கதையை வில்டா முதல் சனிக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு சொல்வாள். எல்லோருக்கும் கண் செருகும் நேரம் அது. இந்த மருந்தில் ஒரு விபரீதம் உண்டு. உடம்பில் பழைய சரக்கு இருக்கும்போதே இதைக் கொடுத்துவிட்டால், இது அதைப் பிடித்து ஒரேயடியாக வெளியே தள்ளிவிடும். மூன்று நாளில் மெல்ல மெல்ல வர வேண்டிய அவஸ்தை அரைமணியில் மொத்தமாக வந்து விழும். அதனால் ஆளுக்கு நடுக்கமும் வாந்தியும் வரும்வரை காத்திருந்துதான் முதல் பட்டையை வைக்க வேண்டும். வில்டா வேலையைத் தொடங்கிய புதிதில், இரண்டரை வருஷத்துக்கு முன்னால், இருபத்துநான்கு வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். கடைசியாக எப்போது என்று வில்டா கேட்டாள். நேற்று சாயங்காலம் என்றாள் அவள். உண்மையில், முன்பின் தெரியாத ஒருத்தி முன்னால் வாந்தி எடுக்க வெட்கப்பட்டு, வாசலில் காருக்குள்ளேயே பாதி மாத்திரையை விழுங்கிவிட்டு வந்திருந்தாள். வில்டா நம்பிவிட்டாள். பட்டையை வைத்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததை வில்டா சொல்வதைக் கேட்க வேண்டும். அந்தப் பெண் தரையில் சுருண்டதை, தன் தோலைத் தானே பிறாண்டியதை, கால்சட்டை நனைந்ததை, அம்மா அம்மா என்று கத்தியதை, ஆம்புலன்ஸ் வந்து அவளைக் கட்டித் தூக்கியதை. ஆம்புலன்ஸின் கதவு சாத்தப்படும் இடத்தில் நிறுத்திவிடுவாள். சூப்புக் கிண்ணத்தில் கரண்டி படுகிற சத்தம்கூடக் கேட்காது.

பத்துப் பேரும் இல்லை என்று சொன்ன பிறகு, மிச்சம் இருந்தவள் ட்ரெசா ஃபெல்ட்னர். நாற்பது நிமிஷத் தூரத்தில் இருக்கிறாள். பதினோரு பேரில் அவள்தான் கெட்டிக்காரி. போனில் தட்டிக் கழிக்க இடம் கொடுக்கக் கூடாதென்று புதன்கிழமை மத்தியானம் வில்டா நேரிலேயே போய் நின்றாள்.

ட்ரெசாவிடம் சாக்குகூட இல்லை. டாக்டர் கையெழுத்துப் போடத் தயார். ஊர் மருந்துக்கடையில் மருந்து இருக்கிறது. முதலாளி அம்மாள் சொந்தத் தம்பியை இதே போதைக்குப் பறிகொடுத்தவள். தாராளமாகச் செய் என்று சொல்லிவிட்டாள். ட்ரெசா எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டு, மேசை இழுப்பறையிலிருந்து பயிற்சிக் குறிப்பேட்டை எடுத்துக் காட்டினாள். அந்தப் பெண்ணின் கதையை இரண்டு பக்கத்துக்கு எழுதி, ஓரத்தில் நட்சத்திரம் நட்சத்திரமாகப் போட்டு வைத்திருந்தாள். அப்படி ஆகிவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு ஒரு வரி இல்லை.

"அதே மருந்த இன்னும் கொஞ்சம் வச்சாலே அடங்கிடும் ட்ரெசா. அன்னைக்கு எனக்கு அது தெரியாது. சாயங்கால வகுப்புல சொன்னேனே."

"சொல்லியிருப்பீங்க. அதுக்கப்புறம் நீங்க சொன்ன எதுவும் என் காதுல ஏறல. செத்துப்போன பொண்ணத்தான் நெனச்சிட்டு இருந்தேன்."

"யாரு செத்தா?"

"அவதான்."

"அவ சாகல. செத்துட்டான்னு நான் எப்பச் சொன்னேன்?"

"பொழைச்சான்னும் நீங்க சொல்லலயே. பதினோரு பேரும் அப்படித்தான் நெனச்சோம். அன்னைக்கு வெளியில கார் பக்கத்துல நின்னு அழுதோம்."

அந்தப் பெண் இரண்டாம் நாளே, தானாகவே, நடுங்கிக்கொண்டு திரும்பி வந்தாள். அதே மருந்தை முறையாக ஆரம்பித்தாள். இன்றுவரை ஒரு சந்திப்பைத் தவறவிட்டதில்லை. கென்ட்ரா பெக்லி என்று பெயர். ட்ரெசாவின் மருத்துவமனையிலிருந்து இரண்டு மைலில் இருக்கிற பள்ளிக்கூடச் சமையலறையில் நூற்றைம்பது பிள்ளைகளுக்குச் சாப்பாடு பரிமாறுகிறாள். வில்டாவின் நூறு பேரில் அவளும் ஒருத்தி. இதையெல்லாம் ஏன் சொல்லாமல் விட்டாய் என்று கேட்டால், எல்லோரும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பதற்காக என்று வில்டா சொல்லியிருப்பாள். அது பாதிதான். பிழைத்துப் பரிமாறுகிற பெண்ணின் கதைக்கு அப்படியொரு மௌனம் கிடைக்காது. மிச்சப் பாதி அதுதான் என்று இப்போது அவளுக்கே விளங்கியது. தன் நாக்கையே பிடுங்கிப் போட வேண்டும் போல எரிச்சலாக வந்தது. வேலி தாண்ட வேண்டியவர்களைத் தானே நன்றாக மிரட்டி வேலிக்கு இந்தப் பக்கம் உட்கார வைத்திருக்கிறாள்.

எவ்வளவு சொல்லியும் ட்ரெசா புது ஆளுக்கு மருந்தை ஆரம்பிக்க மாட்டேன் என்றுவிட்டாள். ஜெயிலிலிருந்து வந்தவன் இடையில் எதைப் போட்டுக்கொண்டான் என்று எப்படித் தெரியும், பயமாக இருக்கிறது என்றாள். வேண்டுமானால் ஏற்கெனவே நிலைத்துவிட்ட ஒருவரைக் கொடுங்கள், மாசத்துக்கு ஒருமுறை எழுதிக் கொடுக்கிறேன், அதற்குமேல் என்னால் ஆகாது.

வில்டா காரில் உட்கார்ந்து யோசித்தாள். நூறு பேரில் ஒருவர் இந்தப் பக்கம் மாறினால் தன்னிடம் ஒரு இடம் காலியாகும். ஹாரலை உட்கார வைக்கலாம். நிலைத்தவர், இந்த ஊருக்குப் பக்கத்தில் இருப்பவர் என்று பார்த்தால் ஒரே ஒரு பெயர்தான்.

வியாழக்கிழமை இரண்டு மணிக்குப் பள்ளிக்கூடத்தின் பின்வாசலில் கென்ட்ராவைப் பிடித்தாள். தலையில் வலை கட்டி, கையில் காலித் தட்டுகளோடு கென்ட்ரா வெளியே வந்தாள். வில்டாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது, பிறகு பயந்தது.

வில்டா விஷயத்தைச் சொன்னாள். ஜெயிலிலிருந்து ஒருவன் வந்திருக்கிறான், நாளைக்கு அவனிடம் மருந்து இருக்காது, நீ இந்த ஊர் ட்ரெசாவிடம் மாறிக்கொண்டால் அவன் பிழைப்பான். கென்ட்ரா தட்டுகளைப் படியில் வைத்தாள்.

"ஒழுங்கா இருந்ததுக்கு இதுவா? நான் ரெண்டு தடவ சந்திப்ப விட்டுட்டுச் சண்ட போட்டிருந்தா என்னைய அனுப்ப மாட்டீங்க இல்ல?"

"அப்படி இல்ல கண்ணு."

"அப்படித்தான். நல்ல பிள்ளைகளைத்தான் எல்லாரும் எடுத்துக் கொடுப்பாங்க. புதுசா ஒருத்திகிட்டப் போயி மறுபடியும் முதல்லேர்ந்து என் வண்டவாளத்த எல்லாம் சொல்லணுமா?"

சொல்ல வேண்டியதில்லை, அவளுக்குத் தெரியும் என்று வில்டா வாய்தவறிச் சொல்லிவிட்டாள். எப்படித் தெரியும் என்று கென்ட்ரா கேட்டாள். அதற்குப் பிறகு எதைப் பூசி மெழுக முடியும்? பயிற்சியில் பெயர் சொல்லாமல் உன் கதையைச் சொல்வேன் என்று வில்டா ஒப்புக்கொண்டாள். எங்கே வைத்து என்று கேட்டாள் கென்ட்ரா. பாப்டிஸ்ட் சர்ச் கூடத்தில்.

"என் அண்ணி அந்தச் சர்ச்சுலதான் பாடுறா."

"பேரு சொல்லல."

"இந்த ஊருல பேரு எதுக்கு?" கென்ட்ரா குனிந்து படியில் இருந்த தட்டுகளை அடுக்கினாள். "எல்லாத்தையும் சொன்னீங்களா? கால்சட்ட நனைஞ்சத?"

வில்டா ஆமாம் என்று தலையை ஆட்டினாள். பொய் சொல்லியிருக்கலாம். மறைத்தது போதும் போதும் என்று ஆகியிருந்தது.

"நான் பொழைச்சத?"

அதற்குத் தலையை ஆட்ட முடியவில்லை. கென்ட்ரா தட்டுகளை எடுத்துக்கொண்டாள். யோசிக்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

வெள்ளிக்கிழமை ஹாரல் ஏழரை மணிக்கே வந்துவிட்டான். தலையை நனைத்துப் படிய வாரியிருந்தான். கடைசிப் பட்டையை நேற்றுக் காலையில் வைத்தாயிற்று. மூக்கு ஒழுக ஆரம்பித்திருந்தது. அதைச் சொன்னானே தவிர எதுவும் கேட்கவில்லை. கேட்காததுதான் வில்டாவுக்குத் தாங்கவில்லை. எழுதிக் கொடுத்துவிட்டு, உரிமம் போனால் போகட்டும் என்று இருந்துவிடலாமா என்று பார்த்தாள். உரிமம் போனால் நூறு பேரும் தெருவில் நிற்பார்கள். அந்தக் கணக்கை எந்தப் பக்கம் புரட்டினாலும் யாரோ ஒருவர் குறைந்துதான் போனார்கள்.

எட்டே முக்காலுக்கு ட்ரெசா போன் செய்தாள்.

கென்ட்ரா ஏழு மணிக்கே வந்து வாசலில் நின்றாளாம். கையெழுத்துப் போட்டாகிவிட்டது, இனிமேல் அவள் ட்ரெசாவின் ஆள். அவளுடைய மருத்துவக் கோப்பை அனுப்புங்கள் என்றாள் ட்ரெசா. வில்டா அப்போதுதான் மூச்சு விட்டாள். நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடி, நன்றி என்று இரண்டு முறை சொன்னாள்.

"நான் இன்னும் முடிக்கல" என்றாள் ட்ரெசா. "அந்த ஹாரலையும் அனுப்புங்க. நானே ஆரம்பிக்கிறேன். என்கிட்ட முப்பது இடம் இருக்கு."

"முந்தாநேத்து பயமா இருக்குன்னியே."

"நேத்து வரைக்கும் ஒங்க கதையத்தான் கேட்டிருந்தேன். இப்ப அவ உக்காந்து முழுசா சொன்னா. ரெண்டாம் நாள் திரும்பி வந்தது, நீங்க அவளுக்குப் போர்வ போத்திவிட்டது, எல்லாம். பயமா இல்ல."

வில்டா நிமிர்ந்து உட்கார்ந்தாள். ட்ரெசா புது ஆளையே எடுத்துக்கொள்வாளென்றால் கென்ட்ரா மாற வேண்டிய அவசியமே இல்லையே. அவளைத் திரும்ப அனுப்பிவிடு, அவள் இடம் அப்படியே இருக்கிறது என்றாள்.

"கேட்டேன். வரமாட்டேங்கிறா." என்றாள் ட்ரெசா. "மிஸ் வில்டா, அன்னைக்கு ஆம்புலன்ஸ்ல நீங்க அவகூடப் போகலையா?"

அந்தக் கதையை வில்டா எத்தனையோ கூடத்தில் சொல்லியிருக்கிறாள். ஒருத்தியும் இதைக் கேட்டதில்லை. கதவு சாத்தப்பட்டது என்று அவள் நிறுத்தியதும், கேட்டவர்கள் தாங்களாகவே வில்டாவை ஆம்புலன்ஸுக்கு உள்ளே, அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, உட்கார வைத்துவிட்டார்கள். உண்மையில் வில்டா அப்போது தன் அறைக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு, உரிமம் போய்விடுமோ என்ற பயத்தில், நடந்ததை எப்படி எழுதிவைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தாள். கென்ட்ரா ஆஸ்பத்திரி நடைவழியில் ஐந்து மணிநேரம் தனியாகக் கிடந்தாள் என்பது பிற்பாடுதான் தெரியும். அதைப் பற்றி இரண்டு பேரும் இந்த இரண்டரை வருஷத்தில் ஒரு வார்த்தை பேசியதில்லை. கென்ட்ரா தன்னை மன்னித்துவிட்டாள் என்று வில்டா எடுத்துக்கொண்டிருந்தாள்.

"போகல" என்றாள்.

"போன் போட்டாவது?"

"போடல."

"அதையும் அடுத்த வகுப்புல சொல்லுங்க" என்றாள் ட்ரெசா. அதில் கோபம் இருந்தது, மரியாதையும் இருந்தது. கோப்பு பத்து மணிக்குள் வேண்டும் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

வில்டா கென்ட்ராவின் கோப்பை எடுத்து அனுப்பினாள். பிறகு கதவைத் திறந்து ஹாரலைக் கூப்பிட்டாள். நாற்பது நிமிஷத் தூரத்துக்கு அவனைக் காரில் யார் கூட்டிக்கொண்டு போவது? கென்ட்ரா விட்டுப்போன இடம் இங்கேயே இருக்கிறது. அவன் உள்ளே வந்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான்.

"எடம் கெடச்சுதா மிஸ் வில்டா?"

"கெடச்சுது. ஒருத்தங்க விட்டுக் குடுத்தாங்க."

"யாருன்னு சொல்லுங்க. நான் போயி ஒரு நன்றி சொல்லணும். இல்ல, நீங்க பாக்கும்போதாவது சொல்லிடுங்க."

வில்டா பேனாவை எடுத்தாள். அது எழுதியது.

"அவங்க இப்ப என்கூடப் பேசறதில்ல" என்றாள்.